சாக்குத்துணியில் தைத்த சாட்சியம்

அர்பியேரா என்பது சிலி நாட்டின் ஏழைப் பெண்கள் கோணிச்சாக்கின் மேல் வெட்டுத்துணிகளை வைத்துக் கையால் தைக்கும் படம். பெரும்பாலும் ஒரு செய்தித்தாளைப் பாதியாக மடித்த அளவுதான் இருக்கும். மேல்விளிம்பில் ஆண்டிஸ் மலைத்தொடர், அதற்கு மேல் சூரியன், கீழே குடிசைகளும் தெருவும், தெருவில் சுண்டுவிரல் உயரத்தில் துணிப் பொம்மைகளாக மனிதர்கள். சுற்றிலும் கம்பளி நூலில் குரோஷா விளிம்பு. எட்ட நின்று பார்ப்பவர், பிள்ளைகள் அறையில் மாட்ட ஏற்ற படம் என்று நினைப்பார். கிட்டே போனால்தான் தெருவில் நிற்பது போலீஸ் வண்டி என்று தெரியும். இரண்டு சீருடைக்காரர்கள் ஒருவனைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாசலில் நிற்கும் பெண் பொம்மையின் இரண்டு கைகளும் மேலே உயர்ந்திருக்கின்றன.

சிலியில் ராணுவ ஆட்சி நடந்த 1973 முதல் 1990 வரையிலான காலத்தில், செய்தித்தாள்கள் எழுதத் துணியாததையும் நீதிமன்றங்கள் கேட்க மறுத்ததையும் இந்தத் துணிகள் சொல்லின. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் நடந்தது. தைத்தவர்களுக்கே அந்தத் துணி பாடமாக அமைந்தது. தங்களுக்கு நேர்ந்தது தலைவிதி இல்லை, பதில் சொல்ல வேண்டிய ஒருவர் செய்த குற்றம் என்பதை அந்தப் பெண்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்த கூடங்களில்தான் தெரிந்துகொண்டார்கள். சமூகக் கைவினைகள் வழியாக மனித உரிமைகளைக் கற்பிக்க இன்று பல நாடுகளில் நடக்கும் முயற்சிகளில் சில இந்தச் சாக்குத்துணிக்குக் கடன்பட்டவை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2011 டிசம்பர் 19 அன்று மனித உரிமைக் கல்விக்கென ஒரு பிரகடனத்தை ஏற்றது. உரிமைகள் எவை என்று சொல்லித்தருவது அதில் ஒரு பகுதி மட்டுமே. கற்பிக்கும் முறையே கற்பவரின் உரிமையை மதிக்க வேண்டும் என்பது இரண்டாவது. கற்றவர் அந்த உரிமைகளைப் பயன்படுத்தவும் பிறருக்காகக் காக்கவும் வலுப்பெற வேண்டும் என்பது மூன்றாவது. முதல் பகுதியைத் துண்டறிக்கையும் சொற்பொழிவும் ஓரளவு செய்துவிடும். மற்ற இரண்டும் அவற்றுக்கு எட்டாதவை. கைவினைக் கூடம் மூன்றையும் செய்ய முடியும் என்பதற்குச் சிலியின் கதையே சான்று.

மனுக்கள் திரும்பி வந்த காலம்

1973 செப்டம்பர் 11 அன்று தளபதி அகுஸ்தோ பினோசெட் தலைமையில் ராணுவம், மக்கள் தேர்ந்தெடுத்த சல்வதோர் அயெந்தேவின் அரசைக் கவிழ்த்தது. தலைநகர் சாந்தியாகோவில் அதிபர் மாளிகை மீது விமானங்கள் குண்டு போட்டன. தேசிய விளையாட்டரங்கம் சிறை முகாமானது. 1974-இல் தீனா என்ற ரகசியப் போலீஸ் அமைப்பு உருவானது. அது வீடுகளிலிருந்தும் வேலையிடங்களிலிருந்தும் நடுத்தெருவிலிருந்தும் ஆட்களைப் பிடித்துச் சென்றது. பிடித்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவியரும் தாய்மாரும் காவல் நிலையம், சிறை, மருத்துவமனை, பிணவறை என்று வரிசை வரிசையாக நின்றார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். சிலியின் சட்டத்திலும் அதற்கு இணையான வழி இருந்தது. 1973-க்கும் 1983-க்கும் இடையில் திருச்சபையின் சட்ட உதவிப் பிரிவு 5,400 மனுக்களைத் தாக்கல் செய்தது. நீதிமன்றங்கள் ஏற்றவை 10. மற்றவை உள்துறை அமைச்சகத்தின் ஒற்றை வரி மறுப்பை நம்பித் தள்ளுபடியாயின. இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. சட்டம் புத்தகத்தில் உயிரோடு இருக்கும்போதே நடைமுறையில் எப்படிச் செத்துப்போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது.

வேதனையான செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிய குழுவில் இருந்தவர்களில் ஒருவர் எர்னான் சாந்தா குரூஸ். அவர் சிலி நாட்டுக்காரர். தன்னிச்சையான கைது கூடாது என்று சொல்லும் 9-ஆவது பிரிவையும் வேலை, உணவு, வீடு, மருத்துவம் பற்றிய பிரிவுகளையும் உருவாக்கும் மேசையில் தன் ஆளை உட்கார வைத்திருந்த நாடு அது.

ராணுவப் புரட்சி நடந்த அடுத்த மாதமே கத்தோலிக்கர், லூத்தரன் சபையினர், யூதர் எனப் பல சமயத்தாரும் சேர்ந்து அமைதிக்கான ஒரு குழுவைத் தொடங்கினார்கள். வேலை இழந்தோருக்கு உதவியும் சிறைப்பட்டோருக்கு வழக்கறிஞரும் அங்கே கிடைத்தன. பினோசெட்டின் நெருக்கடியால் 1975 முடிவில் அக்குழு மூடப்பட்டது. உடனே 1976 ஜனவரி 1 அன்று சாந்தியாகோவின் கார்டினல் ரவுல் சில்வா என்ரீக்கேஸ், ஒருமைப்பாட்டுக்கான திருச்சபைப் பிரிவு என்று பொருள்படும் விகாரியா தெ லா சோலிதாரிதாத் என்ற அமைப்பைத் திருச்சபையின் நேரடி நிழலில் தொடங்கினார். அதை மூட ராணுவத்தால் முடியவில்லை. அர்பியேராக் கூடங்கள் 1974-இல் அந்த முதல் குழுவில் பிறந்து, இந்த இரண்டாவது அமைப்பில் வளர்ந்தன.

ஒரு துணி உருவாகும் விதம்

உதவி கேட்டு வந்த பெண்களைச் சும்மா உட்கார வைத்து ஆறுதல் சொல்வதைவிடக் கைக்கு வேலையும் வீட்டுக்கு நாலு காசும் கொடுப்பது நல்லது என்பதே முதல் எண்ணம். அமைப்பில் பணியாற்றிய ஓவியர் வாலென்தினா போன்னே, துணியில் படம் தைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். சிலிக்கு அது முற்றிலும் புதிதல்ல. நாட்டுப்புறப் பாடகி வியோலெட்டா பார்ரா சாக்கில் கம்பளி நூலால் படம் தைத்தவர். 1964-இல் பாரிசின் லூவ்ர் வளாகத்திலுள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய துணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஈஸ்லா நெக்ரா என்ற கடற்கரை ஊரின் பெண்களும் எம்பிராய்டரிக்குப் பேர்போனவர்கள். ஆனால் அந்தப் பழைய வேலைகளுக்கு நேரமும் நல்ல நூலும் தேவை. கூடத்துக்கு வந்த பெண்களிடம் இரண்டும் இல்லை. கையில் கிடைத்தது மாவுச்சாக்கும் கிழிந்த உடுப்புகளும்தான். அதனால் வெட்டி ஒட்டித் தைக்கும் முறை வந்தது.

செய்முறை எளிது. மாவுச்சாக்கைத் துவைத்து, பிரித்து, வெட்டிக்கொள்வார்கள். அதன் மேல் மலை, வானம், தரை என்று பெரிய துண்டுகளை முதலில் தைப்பார்கள். பிறகு வீடுகள், கதவுகள், மரங்கள். கடைசியாக ஆட்கள். பஞ்சோ கிழிசலோ அடைத்த சின்னத் தலை, கறுப்பு நூலில் கண், கம்பளி நூலில் முடி. சட்டை உண்மையான சட்டைத்துணியில், அதற்கே உரிய அளவில். விறகுக்குத் தீக்குச்சி. காணாமல் போன கணவனின் சட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துத் தைத்தவர்களும், பொம்மைக்குத் தன் தலைமுடியையே வைத்துத் தைத்தவர்களும் உண்டு. துணியின் பின்பக்கத்தில் ஒரு சிறு பை இருக்கும். படத்தில் நடப்பது என்ன என்று கையால் எழுதிய காகிதத் துண்டு அதற்குள் இருக்கும். தைத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் போடுவது ஆபத்து.

பெண்கள் வாரம் ஒருமுறை தேவாலயக் கூடத்தில் கூடினார்கள். அடுத்த வாரத்துத் துணியில் என்ன தைப்பது என்று பேசினார்கள். முடித்துக் கொண்டுவந்த துணிகளை நடுவில் பரப்பி வைத்துக் குறையும் நிறையும் சொன்னார்கள். ஒருவருக்கு எத்தனை துணி என்பதையும் வரும் பணத்தில் பொதுநிதிக்கு எவ்வளவு என்பதையும் தாங்களே முடிவு செய்தார்கள். விகாரியா அந்தத் துணிகளை விலைக்கு வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. குழந்தைகளுக்குச் சாப்பாடு போட அந்தப் பணம் தேவைப்பட்டது என்பதை மறந்துவிட்டு இந்தக் கூடங்களைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

கல்வி நடந்த இடம் எது? படத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பேச்சுதான். ஒரு தாய் தன் மகன் காணாமல் போனதைத் தைக்க உட்காருகிறாள். வெறும் வெற்றிடத்தைத் தைக்க முடியாது. யார் வந்தார்கள், எந்த நிறச் சீருடை, வண்டி எந்தப் பக்கம் நின்றது, அப்போது அண்டை வீட்டுச் சன்னல் திறந்திருந்ததா என்று ஒவ்வொன்றையும் தீர்மானித்தாக வேண்டும். மகனைத் தைக்கும்போது அவனைப் பிடித்தவனையும் தைக்க வேண்டியிருக்கிறது. துக்கம் மட்டும் இருந்த இடத்தில் ஒரு குற்றச் சம்பவத்தின் விவரம் வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தன் துணியைப் பரப்பும்போது அதிலும் அதே வண்டி, அதே சீருடை. தனி ஒருத்தியின் துரதிர்ஷ்டமாகத் தெரிந்தது ஓர் அரசின் திட்டமாகத் தெரியத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் வகுப்பு எடுத்தாலும் வராத தெளிவு இது. வழக்கறிஞர்களும் சமூகப் பணியாளர்களும் அதே கட்டடத்தில் இருந்தார்கள். இப்படி எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது.

ஒடுக்கப்பட்டோர்க்கான கல்விமுறையை எழுதிய பிரேசில் நாட்டு அறிஞர் பாவ்லோ ஃப்ரெய்ரே, தன் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு 1964 முதல் 1969 வரை சிலியில் வாழ்ந்தவர். அந்தப் புகழ்பெற்ற நூலை அங்கேதான் எழுதினார். கற்பவரின் அன்றாட வாழ்விலிருந்தே ஒரு படத்தை எடுத்து, அதைச் சுற்றி உரையாடி, காரணத்தைத் தேடுவது அவருடைய முறை. அர்பியேராக் கூடத்தில் அந்தப் படத்தை ஆசிரியர் கொண்டுவரவில்லை. கற்பவரே தைத்துக் கொண்டுவந்தார். வித்தியாசம் சிறிது போலத் தோன்றினாலும் விளைவு பெரிது.

கஞ்சித்தொட்டியும் கொக்கி போட்ட மின்சாரமும்

அர்பியேரா என்றதும் காணாமல் போனோரின் குடும்பங்களே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் தைத்தவர்களில் மிகப் பலர் வேலையிழந்த தொழிலாளிகளின் மனைவியர். 1975-இல் ராணுவ அரசு கொண்டுவந்த அதிர்ச்சிப் பொருளாதாரக் கொள்கையால் அரசுச் செலவு வெட்டப்பட்டது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது, ஆலைகள் மூடின. 1982-இல் இன்னொரு பெரும் நெருக்கடி வந்தது. சேரிகளில் ஆண்கள் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்றியது பெண்களின் ஊசி.

இவர்கள் தைத்த படங்களில் அடிக்கடி வருவது பொதுப்பானை, அதாவது நம் ஊரில் கஞ்சித்தொட்டி என்போமே அது. நடுவில் கரிபிடித்த பெரிய பானை, அடியில் சிவப்பு நூலில் தீ, சுற்றிலும் ஏப்ரன் கட்டிய பெண்கள், தட்டோடு வரிசையில் பிள்ளைகள். ஓரத்தில் கதவு சாத்திய ஆலை, வேலை காலி இல்லை என்ற பலகையோடு. இன்னொரு துணியில் சேரி முழுவதற்கும் ஒரே குழாய், அதன் முன் வாளிகள். மற்றொன்றில் மின்கம்பத்திலிருந்து குடிசைகளுக்குக் கொக்கி போட்டு இழுத்த கம்பிகள். கருமேகமோ ரத்தமோ இல்லாத இந்தப் படங்கள் உலகப் பிரகடனத்தின் 23, 25-ஆவது பிரிவுகளை வரிக்கு வரி விளக்குகின்றன. வேலைக்கான உரிமையும், உணவும் உடையும் வீடும் மருத்துவமும் கிடைக்கப்பெறும் உரிமையும் அவற்றில்தான் இருக்கின்றன. மனித உரிமை என்றாலே சித்திரவதையும் சிறையும் என்று சுருக்கிப் பார்க்கும் பழக்கத்தை இந்தச் சேரிப் பெண்கள் அன்றே திருத்தினார்கள்.

கூடத்துக்குப் போய் வந்ததால் வீட்டுக்குள்ளும் கேள்விகள் எழுந்தன. சம்பாதிப்பவள் அவள், ஆனால் அடி வாங்குபவளும் அவளே என்றால் அது எந்த உரிமை? 1980-களில் சிலியின் பெண்கள் இயக்கம் நாட்டிலும் வீட்டிலும் சனநாயகம் வேண்டும் என்று முழங்கியதற்குச் சேரிகளில் காது கொடுக்க ஆள் இருந்ததற்கு இத்தகைய கூடங்களும் ஒரு காரணம்.

நாட்டின் பெரிய நிகழ்வுகளும் துணியில் ஏறின. காணாமல் போனவர்களில் பலர் சட்டப்படி இருந்ததற்கே பதிவில்லை என்று சிலி அரசு 1975-இல் ஐ.நா.விலேயே சொன்னது. 1978 நவம்பரில் சாந்தியாகோவுக்கு அருகே லோன்கேனில், கைவிடப்பட்ட சுண்ணாம்புக் காளவாய்களில் 15 ஆண்களின் உடல்கள் கிடைத்தன. 1973 அக்டோபரில் போலீஸ் பிடித்துச் சென்றவர்கள் அவர்கள். அந்தக் காளவாய்கள் அர்பியேராக்களில் மலைச்சரிவில் இரண்டு கரிய வாய்களாக நிற்கின்றன. 1979 ஏப்ரலில் காணாமல் போனோரின் உறவினர்கள் மூடிக் கிடந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் இரும்புக் கம்பிகளில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அதுவும் துணியில் உண்டு. மார்பில் பிள்ளையின் புகைப்படம், வாயில் எங்கே அவர்கள் என்ற ஒரே கேள்வி.

2017 பிப்ரவரி முதல் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பந்தல் போட்டு உட்கார்ந்த தமிழ்த் தாய்மாரின் கையிலும் இருந்தது அதே புகைப்படம், அதே கேள்வி. ஆட்களைக் காணாமல் ஆக்குவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சிலி 2009-இலும் இலங்கை 2016-இலும் அதை உறுதிசெய்தன. இந்தியா 2007-இல் கையெழுத்திட்டதோடு நிற்கிறது.

பைக்குள் வந்த கடிதம்

அர்பியேராவுக்கு இரண்டாவது வகுப்பறை வெளிநாடுகளில் இருந்தது. ராணுவ ஆட்சியில் சுமார் 2 லட்சம் சிலி மக்கள் நாட்டைவிட்டு வெளியேறியதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களும் தேவாலயங்களும் மனித உரிமை அமைப்புகளும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்தத் துணிகளை விற்றார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பின்பக்கப் பையிலிருந்த காகிதத்தைப் பிரிக்கும்போது, பெயர் தெரியாத ஒரு பெண் தன் தெருவில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அறிக்கை படிக்காதவர்களும் அந்தக் காகிதத்தைப் படித்தார்கள்.

அரசுக்கு இது உறைக்கத் தாமதமாயிற்று. பெண்கள் உட்கார்ந்து பொம்மை தைக்கிறார்கள் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததே அந்தக் கூடங்களைக் காப்பாற்றியது. பின்னர் சுங்கத்தில் பொட்டலங்கள் பறிமுதலாயின, அரசு ஆதரவுப் பத்திரிகைகள் இவை நாட்டை இழிவுபடுத்தும் துணிகள் என்று எழுதின. அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இரவில் மட்டும் தைத்துப் பகலில் ஒளித்து வைத்தவர்கள் இருந்தார்கள்.

கூர்மை மழுங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கூடங்களை நீண்டகாலம் ஆய்ந்த சமூகவியலாளர் ஜாக்குலின் ஆடம்ஸ், அர்பியேராக்கள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சாந்தமாகிப் போனதைச் சுட்டிக்காட்டினார். வாங்குபவர்கள் பளிச்சென்ற வண்ணத்தையும் இதமான காட்சியையும் விரும்பினார்கள். துணிகளை வாங்கி அனுப்பிய அமைப்பும் பெண்களின் பாதுகாப்பையும் விற்பனையையும் எண்ணி, மிகக் கடுமையான காட்சிகளைத் திருப்பி அனுப்பியது. கிராமத்து அறுவடையும் சந்தையும் துணியில் பெருகின. யாரையும் குற்றம் சொல்ல முடியாத சூழ்நிலை அது. ஆனாலும் விற்பனை ஒன்றையே நம்பிய கைவினைக்கு என்ன நேரும் என்பதை இது காட்டிவிட்டது.

1988 அக்டோபர் 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 56 சதவீதம் பேர் பினோசெட்டின் ஆட்சி வேண்டாம் என்றார்கள். 1990 மார்ச் 11 அன்று அவர் பதவி விலகினார். 1992-இல் விகாரியா மூடப்பட்டது, கூடங்களின் சந்தையும் போயிற்று. சாந்தியாகோவில் 2010-இல் திறக்கப்பட்ட நினைவு மற்றும் மனித உரிமை அருங்காட்சியகத்தில் இன்று அந்தத் துணிகள் ஆவணங்களாக வைக்கப்பட்டுள்ளன. சிலியில் பிறந்து வட அயர்லாந்தில் வாழும் ரொபெர்தா பாசிக் திரட்டிய தொகுப்பு 2008 முதல் பல நாடுகளில் காட்சிக்குப் போயிற்று. போரிலும் அடக்குமுறையிலும் பிறந்த துணிகளை நாடு கடந்து ஒன்றுசேர்த்தவர் அவர்.

சாக்கு போன ஊர்கள்

கொலம்பியாவின் வடக்கே மாம்புஹான் என்பது ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழும் சிற்றூர். 2000 மார்ச் 11 அன்று ஆயுதக் கும்பல் ஊரையே காலி செய்ய வைத்தது. பக்கத்துப் பகுதியில் விவசாயிகளைக் கொன்றது. சில ஆண்டுகள் கழித்து, மெனோனைட் சபையைச் சேர்ந்த அமெரிக்கப் பெண் ஒருவர் இடம்பெயர்ந்த பெண்களுக்கு ஒட்டுத்துணித் தையல் கற்றுத்தந்தார். முதலில் சதுரமும் முக்கோணமும் தைத்தார்கள். அலுத்துப் போயிற்று. பிறகு துரத்தப்பட்ட அந்த நாளையே தைத்தார்கள். அழுதுகொண்டே தைத்த அந்தக் கூட்டம் அதோடு நிற்கவில்லை. தங்கள் முன்னோர் கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டதையும் தைத்தார்கள். 2000-இல் நடந்தது தனி நிகழ்ச்சி இல்லை, நூற்றாண்டுகளாக நடந்துவரும் பறிப்பின் அண்மைக் கண்ணி என்று அவர்களுக்கே புலப்பட்டது. கொலம்பியாவின் நீதி, அமைதிச் சட்டத்தின் கீழ் 2010 ஜூனில் வந்த முன்னோடித் தீர்ப்பு மாம்புஹான் வழக்கில்தான். 2015-இல் இந்தப் பெண்கள் நாட்டின் தேசிய அமைதிப் பரிசைப் பெற்றார்கள்.

தென்னாப்பிரிக்காவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்த பெண்கள் பெரும்பாலும் தங்கள் கணவர்களுக்கும் மகன்களுக்கும் நேர்ந்ததையே பேசினார்கள், தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்ப, டர்பன் சிற்பி ஆன்ட்ரீஸ் போத்தா தொடங்கிய அமாஸ்வி அபெசிஃபசானே என்ற திட்டம், மறக்க முடியாத ஒரு நாளைத் துணியில் தைக்குமாறு பெண்களைக் கேட்டது. துணியோடு அவரவர் மொழியில் சாட்சியமும் பதிவானது. ஆயிரக்கணக்கில் துணிகள் சேர்ந்தன. குண்டர்கள் வீட்டை எரித்த நாளும் இருக்கிறது, பாலியல் வன்முறை நடந்த நாளும் இருக்கிறது.

சிலியின் முறையை அப்படியே பாடமுறையாக எடுத்துக்கொண்டது பிரேசில். அணைகளால் பாதிக்கப்பட்டோர் இயக்கம் 2013-ஐ ஒட்டிப் பெண்களுக்கு அர்பியேராப் பயிற்சி தொடங்கியது. பெரிய அணை வரும்போது இழப்பீட்டுப் பட்டியலில் ஆணின் பெயர்தான் ஏறும். ஆற்றங்கரைத் தோட்டம், துணி துவைத்த படித்துறை, அண்டை வீட்டு உறவு இவை எதற்கும் கணக்கில்லை. கட்டுமானக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் ஊரில் பெண்களுக்கு வரும் ஆபத்தை எந்த அறிக்கையும் எழுதாது. இவற்றைப் பெண்கள் துணியில் தைத்து, தைத்ததை நடுவில் வைத்து, எது எந்த உரிமையின் மீறல் என்று பிரித்துப் பேசினார்கள். 2017-இல் இதுபற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது.

இந்தியாவிலும் முன்மாதிரி உண்டு. பீகாரின் முசாஃபர்பூர் மாவட்டத்து புசுரா கிராமத்தின் சுஜனித் தையல், பிறந்த குழந்தையைப் போர்த்தப் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது. உருவத்தின் ஓரத்தைக் கரிய நூலில் சங்கிலித் தையலால் கட்டி, உள்ளே ஊசியை ஏற்றி இறக்கி வண்ண நூலால் நிரப்புவார்கள். 1988-ஐ ஒட்டி, விஜி சீனிவாசன் நிறுவிய அதிதி என்ற தொண்டு அமைப்பின் துணையோடு அந்தத் தையல் புத்துயிர் பெற்றது. அப்போது வரதட்சணை, பெண் சிசுக்கொலை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பஞ்சாயத்தில் பேசும் பெண் ஆகியவையும் சேலைத்துணியில் இடம்பிடித்தன. 2006-இல் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தமிழ்நாட்டில் கோலம் இந்த வரிசையில் நிற்கத் தகுந்தது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை பெசன்ட் நகர்த் தெருவில் கோலம் போட்ட சிலரைப் போலீஸ் பிடித்துச் சென்று பிறகு விடுவித்தது. அடுத்த நாட்களில் அரசியல் தலைவர்களின் வீடுகள் உட்படப் பல வாசல்களில் அதே சட்டத்தை எதிர்க்கும் வாசகத்தோடு கோலங்கள் விழுந்தன. கருத்துரிமை பற்றி அந்த ஒரு வாரத்தில் நடந்த பேச்சை எந்தக் கருத்தரங்கும் நடத்தியிருக்க முடியாது.

எது தேறும், எது தேறாது

எல்லாக் கைவினைப் பயிற்சியும் உரிமைக் கல்வியாகிவிடாது. அமைப்பாளரே படத்தை வரைந்து கொடுத்து, பெண்கள் அதன்மேல் நூலோட்டினால் அது கூலிவேலை. பெண்ணுரிமை வாசகம் பொறித்த பையைத் தைத்தவளுக்குக் குறைந்தபட்சக் கூலி கூடக் கிடைக்காவிட்டால், அந்தப் பையே ஓர் உரிமை மீறல். துயரத்தைத் தைக்கச் சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது. ஆறாத காயத்தைக் கிளறிவிட்டு, பயிற்சி முடிந்தது என்று கிளம்பிவிடும் அமைப்புகள் செய்வது தீங்கு. சாந்தியாகோக் கூடங்கள் வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் நடந்தன. பேச விரும்பாதவர் பேசாமல் தைக்கலாம், தைக்க விரும்பாததைத் தைக்காமல் விடலாம். காட்சிக்கு வைக்கும்போது யார் பெயர், யார் அனுமதி என்ற கேள்வியும் உண்டு. ராணுவ ஆட்சியில் பெயரை மறைத்தது பாதுகாப்பு. இன்று காட்சியரங்கில் தைத்தவள் பெயரை விட்டுவிடுவது அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது.

துணி மட்டும் நீதியைக் கொண்டுவந்துவிடாது என்பதும் உண்மை. 1978-இல் பினோசெட் அரசு போட்ட பொதுமன்னிப்புச் சட்டம் பல வழக்குகளைப் பல ஆண்டுகள் முடக்கியது. 2023 ஆகஸ்ட் 30 அன்று அதிபர் கப்ரியேல் போரிச் தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தபோது, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் 1,469 பேர் இருந்தார்கள். அதுவரை அடையாளம் காணப்பட்ட உடல்கள் 307.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்குத் தையலும் கூடை முடைவதும் எம்பிராய்டரியும் கற்றுத்தரும் அமைப்புகள் ஏராளம். அவர்கள் இதைத் தொடங்கப் புதுப் பாடத்திட்டம் தேவையில்லை. முதல் துணியில் என்ன தைப்பது என்பதைப் பெண்களிடமே விட்டுவிடுங்கள். விற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டிக் கையில் கொடுங்கள். வட்ட சட்டப்பணிகள் குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை மாதம் ஒருமுறை அழைத்து, பேசச் சொல்லாமல், அந்தத் துணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், அவர்கள் எல்லாருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி இருக்கிறது.